அம்மாவின் முழங்காலும் விமான நிலையச் சோதனையும்

கேள்வி இது: "அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அக்காவின் பிரசவத்துக்காக முதல்முறையாகச் சென்னையிலிருந்து அமெரிக்கா போகிறார். ஸ்கேனரில் உடம்பு அப்படியே தெரியும், புடவையை அவிழ்க்கச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லிவைக்க, பயந்துபோய் இருக்கிறார். பாதுகாப்பு என்று வந்துவிட்டால் மானத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?"

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டியதில்லை. புடவையை அவிழ்க்கச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் இன்றைக்கு இருக்கும் ஸ்கேனரில் அம்மாவின் உடம்பும் தெரியாது. ஆனால் அந்தப் பயம் சும்மா கிளம்பியது இல்லை. சுமார் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் அங்கே நிஜமாகவே அப்படித் தெரிந்தது. அது எப்படி நின்றது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்கான பதில் பாதி அதிலேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விமான நிலையங்களில் எக்ஸ்ரே இயந்திரங்களையும் மெட்டல் டிடெக்டர் வாசல்களையும் பராமரிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். சீருடை போட்டவன் இல்லை, கருவிப்பெட்டியோடு ஓரமாக நின்றவன். அப்படி நின்றதால் சோதிப்பவர் முகம், சோதிக்கப்படுபவர் முகம் இரண்டையும் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் ஒரு விமான நிலையத்தில் பெண்கள் வரிசை வாசலைச் சரிபார்த்து முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எழுபதை ஒட்டிய ஒரு பாட்டி வந்தார். வாசலைத் தாண்டியதும் தூண்களின் கீழ்ப்பகுதி விளக்குகள் இரண்டு பக்கமும் சிவந்து, சத்தம் எழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்குள் அவர் குனிந்து, புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கி, செங்குத்தாக ஓடும் தழும்பைக் காட்டிவிட்டார். "ஆபரேஷன் பண்ணினதும்மா, உள்ள இரும்பு வச்சிருக்கு." நான்கு அடி தள்ளி ஆண்கள் வரிசை. தழும்பைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று வீட்டில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பணியில் இருந்த பெண் காவலர் சட்டென்று முன்னால் வந்து மறைத்து நின்றார். புடவையை அவரே கீழே இழுத்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம்மா, உள்ள வாங்க" என்று திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். இரண்டு நிமிடத்தில் பாட்டி வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது.

அந்தத் தழும்பு எதையும் நிரூபிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அந்த வாசல் செய்யும் வேலை எளிது. இரண்டு தூண்களுக்குள்ளும் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. அவை காந்தப்புலத்தை விட்டுவிட்டு எழுப்புகின்றன. நடுவில் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, புலம் கலைகிறது. எந்த உயரத்தில் கலைந்ததோ அந்த உயரத்து விளக்கு எரிகிறது. மாற்று மூட்டு கோபால்ட் குரோமியம் கலவையாகவும் டைட்டானியமாகவும் இருப்பதால் அதுவும் உலோகம்தான். "முழங்கால் உயரத்தில் உலோகம் இருக்கிறது" என்பதற்கு மேல் வாசலுக்கு எதுவும் தெரியாது. தழும்பு உள்ளவர் காலிலும் வேறொன்றைக் கட்டிக்கொண்டு வரலாம் என்பதால், தழும்பைப் பார்த்தாலும் காவலர் கையால் தடவிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். துணிக்கு மேலாகத் தடவினாலே போதும், அங்கே எதுவும் கட்டியிருக்கவில்லை என்று தெரிந்துவிடும். அதாவது, பாட்டி நாலு பேர் முன்னால் இழந்தது பாதுகாப்புக்குத் துளியும் பயன்படவில்லை.

பொதுவாக இந்தப் பேச்சு வந்தாலே ஒரு தராசைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். ஒரு தட்டில் பாதுகாப்பு, இன்னொன்றில் அந்தரங்கம், ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும் என்கிறார்கள். நான் பார்த்தவரை அந்தத் தராசு பெரும்பாலும் பொய். சோதனைக்கு நிற்கும் ஒருவரைப் பற்றி அங்கே இருப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: விமானத்துக்கு ஆபத்தான பொருள் இவரிடம் இருக்கிறதா, இல்லையா? உடம்பின் வடிவம், நோய், மதம், எத்தனை முறை எங்கே போனார் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கு வெளியே. வெளியே இருப்பதை எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு தடவையும் யாரோ வேலையைச் சரியாக வடிவமைக்கவில்லை என்று அர்த்தம்.

நடனக் கலைஞர் சுதா சந்திரன் விஷயம் நினைவிருக்கும். 1981-ல் திருச்சிக்கு அருகே நடந்த பேருந்து விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் கால் பொருத்தி மறுபடி மேடை ஏறியவர். 2021 அக்டோபரில் ஒரு வீடியோ வெளியிட்டார். ஒவ்வொரு பயணத்திலும் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள், வெடிமருந்துத் தடயச் சோதனை செய்யுங்கள் என்று கேட்டும் கழற்றத்தான் சொல்கிறார்கள் என்று அதில் வருந்திச் சொல்லியிருந்தார். நம் விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை, சி.ஐ.எஸ்.எஃப், பகிரங்கமாக மன்னிப்பு கேட்டது. அவர் கேட்டது சலுகை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தடயச் சோதனை என்பது ஒரு சின்னத் துணிப்பட்டையால் கையையோ பொருளையோ துடைத்து, அதை இயந்திரத்தில் செருகுவது. வெடிமருந்துத் துகள் ஒட்டியிருந்தால் சில விநாடிகளில் சொல்லிவிடும். கிளிசரின் கலந்த க்ரீமும் நெஞ்சுவலிக்கான நைட்ரோ மாத்திரையும் சில நேரம் பொய்யாக மணியடிக்க வைக்கும், உண்மைதான். ஆனாலும் கழற்றச் சொல்வதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது அதுதான்.

அவர் அந்த வீடியோவில், மூத்த குடிமக்களுக்குக் கொடுப்பதுபோல் ஓர் அட்டை கொடுங்கள் என்றும் பிரதமரிடம் கேட்டிருந்தார். அவருடைய வலி புரிகிறது, ஆனால் அட்டை தீர்வாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அட்டை ஆளைப் பற்றிச் சொல்கிறது, சோதனை பொருளைப் பற்றியது. நல்லவர் என்று தெரிந்தவரை விட்டுவிடுவது என்று ஆரம்பித்தால், தெரியாத ஏழைப் பாட்டி வரிசையில் புடவையைத் தூக்கிக்கொண்டேதான் நிற்பார். அப்துல் கலாம் ஐயாவுக்கு நடந்ததும் இதைத்தான் காட்டியது. 2009 ஏப்ரலில் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஆட்கள் அவரைச் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்கு விலக்கு உண்டு என்ற நம் விதி இருந்தும் செய்தார்கள், பிறகு மன்னிப்பு கேட்டார்கள். 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அவருடைய கோட்டையும் ஷூவையும் வாங்கிப்போனார்கள். அமெரிக்க அரசே வருத்தம் தெரிவித்தது. 2010 டிசம்பரில் அன்றைய இந்தியத் தூதர் மீரா சங்கரை மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் விமான நிலையத்தில் தனியே அழைத்துத் தடவிச் சோதித்தார்கள். அன்று அவர் உடுத்தியிருந்தது புடவை. மூன்று தடவையும் நாடே கொதித்தது. நியாயம்தான். ஆனால் அந்தக் கொதிப்பு "எங்கள் பெரிய மனிதரையா?" என்பதோடு நின்றுவிட்டது. புடவை கட்டிய ஒரு சாதாரணப் பெண்ணை எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற கேள்வி வரை போகவில்லை. எனக்கு அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

இனி, அம்மா பயப்படும் ஸ்கேனர்.

2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒரு நைஜீரிய இளைஞன் உள்ளாடையில் தைத்துக் கொண்டுவந்த வெடிமருந்தைப் பற்றவைத்தான். அது சரியாக வெடிக்கவில்லை, சக பயணிகள் அவனை அமுக்கிவிட்டார்கள். அதில் உலோகம் இல்லாததால் மெட்டல் டிடெக்டர் சும்மா இருந்தது. உடனே அமெரிக்காவில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், டி.எஸ்.ஏ, முழு உடல் ஸ்கேனர்களை வேகமாக நிறுவ ஆரம்பித்தது. இரண்டு வகை வந்தன. ஒன்று மிகக் குறைந்த எக்ஸ்ரேயை உடம்பின் மீது பாய்ச்சி, திரும்பி வருவதைப் படமாக்கியது. இன்னொன்று மில்லிமீட்டர் அலை. அது ரேடியோ அலையின் இனம், துணியைத் தாண்டி, தோலில் பட்டுத் திரும்பிவிடும். இரண்டுமே அன்று கொடுத்தது ஆடை இல்லாத உடம்பின் உருவத்தை. அடுத்த அறையில் ஒருவர் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சரி என்பார்.

படங்களைச் சேமிக்க முடியாது, அனுப்ப முடியாது என்று மக்களுக்குச் சொன்னார்கள். எபிக் என்ற அந்தரங்க உரிமை அமைப்பு தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வாங்கிய ஆவணங்களில் வேறு விஷயம் இருந்தது. சோதனை ஓட்டத்துக்கான நிலையில் படத்தைச் சேமிக்கவும் வெளியே எடுக்கவும் இயந்திரத்துக்குத் திறன் இருக்க வேண்டும் என்று கொள்முதல் நிபந்தனையிலேயே எழுதியிருந்தார்கள். 2010-ல், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நீதிமன்ற வாசலில் வைத்திருந்த ஒரு ஸ்கேனரில் சுமார் 35,000 படங்கள் சேமிக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அது விமான நிலையம் இல்லை, இயந்திரமும் வேறு வகை, படங்களும் மங்கல். ஆனால் "சேமிக்க முடியாது" என்ற வாக்குறுதியின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை அத்தோடு போயிற்று.

ஸ்கேனர் வேண்டாம் என்றவர்களுக்கு அந்த இலையுதிர்காலத்தில் கடுமையான தடவல் சோதனை வந்தது, தொடையின் உட்புறம் வரை உள்ளங்கையால். மக்கள் கொந்தளித்தார்கள். எபிக் வழக்குத் தொடுத்தது. 2011 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்கேனர் அரசமைப்புக்கு விரோதமில்லை என்றது. ஆனால் பொதுமக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்காமல் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது தவறு என்றும் சொன்னது. 2012-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது: உடம்பின் படம் கூடாது, பொதுவான மனித உருவம் மட்டுமே திரையில் வரவேண்டும். மில்லிமீட்டர் அலை இயந்திரங்களுக்கு மென்பொருளை மாற்றி அதைச் செய்துவிட்டார்கள். எக்ஸ்ரே வகையைத் தயாரித்த நிறுவனத்தால் கெடுவுக்குள் முடியவில்லை. 2013 மே மாதத்துக்குள் அந்த வகை அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து முழுக்க அகற்றப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 நவம்பரிலேயே எக்ஸ்ரே வகை கூடாது, படத்தைச் சேமிக்கக் கூடாது, வேண்டாம் என்பவருக்கு மாற்றுச் சோதனை தரவேண்டும் என்று விதி எழுதியிருந்தது.

இப்போது அந்தத் திரையில் என்ன தெரிகிறது? சாம்பல் நிறத்தில், முகமில்லாத ஒரு பொம்மைக் கோட்டுருவம். எல்லாருக்கும் அதே உருவம். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் சதுரம். எதுவும் இல்லையென்றால் பொம்மைகூட வராது, பச்சைத் திரையில் சரி என்று மட்டும் வரும். திரை பக்கத்திலேயே இருப்பதால் அம்மாவும் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த அறையில் யாரும் இல்லை. அலை அதேதான், ஆன்டெனாவும் அதேதான். உடம்பைப் பார்த்து மனிதர் முடிவெடுத்த இடத்தில், அலைகளைப் படித்து மென்பொருள் முடிவெடுக்கிறது. ஆளையும் அறையையும் மிச்சம் பிடித்ததோடு, மானமும் மிஞ்சியது. முடியாது என்று சொல்லப்பட்டது மூன்றே வருடத்தில் முடிந்தது. கேட்டவர்கள் விடாமல் கேட்டதால் முடிந்தது.

அம்மாவுக்கு முக்கியமான இன்னொன்று: மில்லிமீட்டர் அலை தோலுக்கு உள்ளே போகாது. அதனால் உள்ளே இருக்கும் மூட்டு அதற்குத் தெரியவே தெரியாது. மெட்டல் டிடெக்டர் வாசலில் ஒவ்வொரு தடவையும் அலறும் முழங்கால், இந்த ஸ்கேனரில் மௌனமாக இருக்கும். உடம்பில் உலோகம் பொருத்தியவர்களை ஸ்கேனர் வழியாகப் போகச் சொல்லி டி.எஸ்.ஏ-வே அறிவுறுத்துகிறது. அம்மா எதைக் கண்டு பயப்படுகிறாரோ அதுதான் அவர் மேல் குறைவாகக் கை படும் வழி.

குறை இல்லாமல் இல்லை. மென்பொருள் "வழக்கமான உடம்பு" என்று ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலிருந்து விலகுவதையெல்லாம் மஞ்சள் சதுரமாக்குகிறது. பல வருடங்கள் அதிகாரி ஆளைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஒரு பொத்தானை அழுத்திய பிறகே இயந்திரம் ஓடியது. திருநங்கைகளும் திருநம்பிகளும் பட்ட அவமானத்துக்குக் கணக்கில்லை. பாலின வேறுபாடு பார்க்காத மென்பொருளை 2022-ல்தான் அறிவித்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வெளியே வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பு, சிறுநீர்க் கசிவுக்கான பேட், அடர்த்தியான சுருட்டை முடி எல்லாமே சதுரமாகும். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பில் செருகிய கொசுவமும் கொண்டையும். மடிப்பு மேல் மடிப்பாகத் துணி குவிந்த இடத்தில் இயந்திரம் திணறுகிறது. அதனால்தான் பயணத்துக்குச் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள், பின்னலாகவே விடுங்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது. நடைமுறைக்கு நல்ல யோசனைதான், நானும் சொல்வேன். ஆனால் காலமெல்லாம் புடவை கட்டியவர் இயந்திரத்துக்காக உடையை மாற்றுவது சரி என்று நான் நினைக்கவில்லை. உலகத்தில் இத்தனை கோடிப் பெண்கள் உடுத்தும் உடையைப் படிக்கத் தெரியாத இயந்திரம் இன்னும் முடிவடையாத இயந்திரம்.

இவ்வளவு பட்டபின் பாதுகாப்பு கூடியதா என்று கேட்டால், பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. 2015-ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கைக் குழு, மாறுவேடத்தில் போலி வெடிகுண்டும் ஆயுதமும் கொண்டுபோய்ப் பார்த்தது. 70 முயற்சிகளில் 67 தடவை அவர்கள் தாண்டிவிட்டார்கள் என்று செய்தி வெளியானதும் டி.எஸ்.ஏ-வின் பொறுப்புத் தலைவரையே மாற்றினார்கள். கிறிஸ்துமஸ் சம்பவத்திலும், அந்த இளைஞனின் அப்பா ஒரு மாதத்துக்கு முன்பே நைஜீரியாவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், மகன் தவறான வழிக்குப் போய்விட்டான் என்று சொல்லியிருந்தார். பெயர் ஒரு பட்டியலில் ஏறியது, விமானத்தில் ஏற்றக் கூடாதவர்கள் பட்டியலுக்கு நகரவில்லை. அப்பாவே வந்து சொன்னதைக் கவனிக்காத குறையை ஈடுகட்ட, கோடிக்கணக்கான பேரின் உடம்பைப் படம் பிடித்தார்கள்.

நம் ஊர்ச் சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்கென்று ஒருவர் பதிவு செய்துவிட்டு, தான் ஏறாமல் போன பெட்டிகளில் அந்தக் குண்டு இருந்தது. அடுத்த வருடம் ஜூன் 23-ல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம். வான்கூவரில் பெட்டியை ஏற்றிவிட்டு ஆள் ஏறவில்லை. அயர்லாந்துக் கடலோரத்தில் 329 பேர் போனார்கள். இந்த இரண்டிலும் யாருடைய உடம்பைத் தடவியிருந்தாலும் பயனில்லை. ஏறாதவரின் பெட்டி பறக்கக் கூடாது, அதைத் தனியே ஒதுக்கிப் பார்க்க வேண்டும் என்ற விதி, விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டிகளை எக்ஸ்ரேயில் அலசுவது, 2001-க்குப் பிறகு உள்ளிருந்து பூட்டப்பட்ட உறுதியான விமானி அறைக் கதவு: உயிர்களைக் காத்ததில் பெரும் பங்கு இவற்றுக்குத்தான் என்பது என் எண்ணம். இவற்றில் எதற்கும் ஒரு பெண்ணும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

அதற்காக உடல் சோதனையே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளாடையில் வெடிமருந்து கொண்டுவந்தவன் ஒருவன் நிஜமாக இருந்தான். 1999-ல் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய நம் விமானத்தைக் கடத்தியவர்கள் ஆயுதத்தோடு ஏறினார்கள். அதற்குப் பிறகுதான் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆரம்பித்து சி.ஐ.எஸ்.எஃப் நம் விமான நிலையங்களை ஏற்றுக்கொண்டது. தடவிப் பார்க்கும் அந்தக் கை வேண்டும். அந்தக் கையோடு சில கடமைகளும் வரவேண்டும். பெண்ணைப் பெண்ணே சோதிப்பது, திரை முழுதாக மூடுவது, எங்கே தொடப்போகிறோம் என்று முதலில் சொல்வது, நிற்க முடியாதவருக்கு நாற்காலி. இந்தியாவில் முதல் இரண்டும் பெரும்பாலும் இருக்கின்றன. ஆண்களுக்கு மட்டும் ஏனோ திறந்த மேடைதான். ஆணுக்கும் சிறுநீர்ப் பை மாட்டியிருக்கும், ஆணுக்கும் கூச்சம் உண்டு என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. உடல் ஸ்கேனர் நமக்கு இன்னும் முழுதாக வரவில்லை. 84 விமான நிலையங்களில் 2020 மார்ச்சுக்குள் வைக்கவேண்டும் என்று 2019-ல் உத்தரவு போட்டார்கள், அந்தக் கெடு அப்படியே கடந்துபோனது. அதனால் சென்னையில் அம்மா மெட்டல் டிடெக்டர் வாசல் வழியாகத்தான் போவார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முழங்கால் சத்தம் போடும். போடட்டும்.

உடம்பைப் பற்றிய பயத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது முகத்தைப் பற்றியது. தடவும் கை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். கேமரா மறக்காது.

நம் டிஜியாத்ரா 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் ஆரம்பித்துச் சென்னைக்கும் கோவைக்கும் வந்துவிட்டது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். விவரம் உங்கள் போனிலேயே இருக்கும், விமான நிலையத்துக்குப் போனது விமானம் கிளம்பி 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்கிறார்கள். காகிதத்தில் நல்ல வடிவமைப்பு. ஆனால் இதை நடத்துவது அரசுத் துறை இல்லை. விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதமும், மீதி தனியார் பங்கு கொண்ட விமான நிலைய நிறுவனங்களுக்கும் உரிய ஓர் அறக்கட்டளை நிறுவனம். அழித்தார்களா என்று குடிமகன் போய்ப் பார்க்க வழியில்லை. 2024 தொடக்கத்தில், வாசலில் நிற்கும் ஊழியர்கள் விஷயத்தைச் சொல்லாமலே முகத்தைப் பதிவு செய்துவிடுகிறார்கள் என்ற புகார்கள் எழுந்தன. கட்டாயமில்லை என்று அமைச்சகம் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வரிசையில் பின்னால் ஐம்பது பேர் நிற்க, கையில் பெட்டியும் தோளில் பையுமாக இருப்பவரிடம் "இங்க பாருங்க மேடம்" என்று கேமராவைக் காட்டுவது சம்மதம் வாங்குவது ஆகாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கை வைப்பதானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. முகப்பதிவை இந்த மூன்றிலும் உரசிப் பார்த்தால் வரிசை சீக்கிரம் நகர்கிறது என்பது மட்டும் தேறும். அது சௌகரியம். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

அமெரிக்காவில் இறங்கியதும் குடியேற்ற மேசையில் அம்மாவின் முகத்தையும் கைரேகையையும் எடுப்பார்கள். அந்நாட்டுக் குடிமக்கள் அல்லாதவர்கள் இதை மறுக்க முடியாது. அந்நாட்டுக் குடிமக்களின் படத்தை 12 மணி நேரத்துக்குள் அழித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் படத்தை 75 வருடம் வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்கு 64 வயது. பேரக்குழந்தைக்கு எழுபது வயதாகும்போதும் பாட்டி அன்று பயணக் களைப்போடு நின்ற முகம் ஒரு கணினியில் இருக்கும். வைத்திருப்பவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்களா? 2019-ல், இந்தப் படங்களை எடுக்கும் அமெரிக்க எல்லைத் துறைக்கு வேலை செய்த ஒரு துணை ஒப்பந்தக்காரர், விதியை மீறிப் பயணிகளின் படங்களைத் தன் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டார். அங்கிருந்து அவை திருடு போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். கேமரா முன்னால் நின்றவர்களில் ஒருவருக்கும் அந்த ஒப்பந்தக்காரர் யாரென்றே தெரியாது.

இதை எழுதுவது அம்மாவைப் பயமுறுத்த இல்லை, அவரிடம் இதைச் சொல்லவும் வேண்டாம். நீங்களும் நானும் கேட்க வேண்டியது இது. எடுக்கட்டும், எதற்கு எடுத்தார்களோ அது முடிந்ததும் அழிக்கட்டும், அழித்ததை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்யட்டும். ஸ்கேனரில் பொம்மை உருவம் வந்தது இப்படி விடாமல் கேட்டதால்தான்.

அம்மாவுக்குச் செய்ய வேண்டியவை. மருத்துவரிடமிருந்து மூட்டு மாற்று பற்றிய கடிதத்தையோ அட்டையையோ வாங்கிக் கைப்பையின் வெளி அறையில் வையுங்கள். அது பேச்சைச் சுருக்கும், சோதனையை நீக்காது. தழும்பை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்று நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள், இது முக்கியம். சென்னையில் வாசல் சத்தமிட்டதும் "முட்டி ஆபரேஷன்" என்று சொன்னால் போதும், திரைக்குள் அழைத்துப்போய்ப் புடவைக்கு மேலாகவே பார்ப்பார்கள். நிற்க முடியவில்லை என்றால் நாற்காலி கேட்கட்டும். வீல்சேர் முன்பதிவு செய்திருந்தால் இன்னும் சுலபம். இடையில் துபாயிலோ ஃபிராங்க்பர்ட்டிலோ மாறினால் அங்கேயும் ஒரு சோதனை இருக்கும். டி.எஸ்.ஏ-வை அவர் சந்திப்பது அமெரிக்காவுக்குள் வேறு விமானம் மாறினால், அல்லது திரும்பி வரும்போது. அவர்களிடம் உடல்நிலை உள்ளவர்களுக்கு உதவ டி.எஸ்.ஏ கேர்ஸ் என்ற தொலைபேசிச் சேவை இருக்கிறது, 72 மணி நேரத்துக்கு முன்னால் அக்கா கூப்பிட்டுச் சொல்லலாம். டிக்கெட்டோடு அடையாள அட்டையைப் பார்க்கும் இடத்தில் அங்கே கேமரா இருந்தால், வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

ஆங்கிலம் வராது என்றால் ஒரு சின்னத் தாளில் நான்கு வரிகளை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: எனக்கு இரண்டு முழங்காலிலும் உலோக மூட்டு இருக்கிறது. மெட்டல் டிடெக்டருக்குப் பதில் ஸ்கேனர் வழியாகப் போகிறேன். தொட்டுச் சோதிப்பதானால் பெண் அதிகாரி வேண்டும், தனி அறை வேண்டும். எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பதற்றத்தில் கைப்பையைத் துழாவிக்கொண்டு நிற்கக் கூடாது.